லீக் டெஸ்ட் பாஸ்! சரி, அப்புறம்?

எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கிலோ குறையும் என்றுதான். கூட வந்த மனைவியோ அம்மாவோ கேட்பது வேறு: "லீக் ஆகும்னு யூடியூப்ல சொல்றாங்களே டாக்டர்?" இரண்டாவதுதான் உருப்படியான கேள்வி.

எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் ஒன்றான ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறோம். ஸ்டேப்ளர் என்ற கருவி இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் குட்டி டைட்டானியம் பின்களை அடித்து, நடுவில் அறுத்துக்கொண்டே போகும். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், அதன் ஒரு ஓரம் முழுக்கப் பின் அடித்த கோடு. அந்தக் கோடு எங்காவது விட்டுப்போனால் எச்சில், அமிலம், குடித்த தண்ணீர் எல்லாம் வயிற்றறைக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும். இதுதான் லீக்.

ஆபரேஷனை முடிப்பதற்கு முன் கோட்டைச் சோதிப்போம், அதுதான் லீக் டெஸ்ட். குடல் பக்கத்தை நான் கருவியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மயக்க மருந்து டாக்டர் வாய்வழிக் குழாயில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் கலந்த சலைனை மெதுவாக ஏற்றுவார். இரைப்பை உப்பி வரும். கோட்டின் மேல் வெள்ளை காஸ் துணியை ஒற்றி ஒற்றி எடுத்துப் பார்ப்போம், ஒரு பொட்டு நீலம் தெரிந்தாலும் அந்த இடத்தில் தையல் விழும். (மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம், இந்தச் சாயம்தான்.) இன்னொரு வழி, கோட்டைச் சலைனில் மூழ்கவைத்து எண்டோஸ்கோப்பி வழியாகக் காற்று அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. எனக்கு இதுதான் பிடிக்கும். உள்ளே ரத்தம் கசிகிறதா, குழாய் எங்காவது முறுக்கிக்கொண்டதா என்பதும் அதே பார்வையில் தெரிந்துவிடும்.

ஸ்லீவில் இந்த டெஸ்ட் எல்லோருக்கும் தேவையா என்று சர்ஜன்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. காரணம் இருக்கிறது. டெஸ்ட் காட்டுவது அந்த நிமிடத்தில் இருக்கும் ஓட்டையை மட்டும். பெரும்பாலான லீக் அப்போது இருக்கவே இருக்காது. உணவுக்குழாய் வந்து சேரும் மேல்முனையில் ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைச்சல், இரைப்பைக் குழாயின் கீழே குடல் பக்கம் இருக்கும் வால்வு அப்படியே இருப்பதால் உள்ளே அழுத்தமும் அதிகம், நடுவில் குறுகிவிட்டால் இன்னும் மோசம். அந்த மேல்முனைத் திசு சில நாளில் நைந்து விட்டுக்கொடுக்கும். அதற்குள் நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம்.

அதனால் வீட்டில் பல்ஸ் பாருங்கள், லீக் ஆனால் அது ஏறும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் போதும். சும்மா படுத்திருக்கும்போதே 120-ஐத் தொட்டு இறங்காமல் நின்றால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். நூறுக்கு மேலேயே நின்றாலும் போன் செய்து கேளுங்கள். இடது தோளில் புதிதாக வலி, மூச்சு வாங்குவது, இருப்புக்கொள்ளாத ஒரு தவிப்பு, இவற்றையும் லேசாக விடாதீர்கள். ஆபரேஷன் ஆன முதல் இரண்டு மூன்று நாள் தோள் வலிப்பது சகஜம், ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் வருவது; போன வலி திரும்பி வந்தால் அது வேறு கதை. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டினோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்குப் பல்ஸ் ஏறாமலே ஏமாற்றும், அவர்கள் மற்ற அறிகுறிகளைத்தான் நம்ப வேண்டும்.

ராத்திரியில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். அங்கே வயிற்றை அமுக்கிப் பார்த்து "மெத்துனுதான் இருக்கு, கேஸ்தான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. உடல் பருமனானவர்களுக்கு உள்ளே சீழ் இருந்தாலும் வயிறு இறுகாமல் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள், உங்கள் சர்ஜனை போனில் பிடித்துப் பேசவையுங்கள், சி.டி. ஸ்கேன் கேளுங்கள். மூக்கு வழியாக டியூப் போட வந்தால், ஸ்லீவ் ஆகியிருக்கிறது, சர்ஜனிடம் கேட்காமல் போட வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள்.