கூட்ட நெரிசலில் மூச்சு எப்படி நிற்கிறது?

நெரிசல் என்றதும் 'மிதிபட்டு இறந்தார்கள்' என்று செய்தி வரும். இறந்தவர்களில் பலர் கீழே விழுந்தவர்களே இல்லை. நின்ற நிலையிலேயே மூச்சடைத்துப் போனவர்கள்.

மூச்சை இழுக்கும்போது விலாக்கூடு விரிய வேண்டும், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கி வயிறு முன்னால் வர வேண்டும். அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். முன்னும் பின்னும் ஆட்கள் அழுத்தும்போது, நீங்கள் மூச்சை விட்டதும் மார்பு உள்வாங்குகிறது; அந்த இடத்தைப் பக்கத்து உடம்பு பிடித்துக்கொள்கிறது. அடுத்த மூச்சு இன்னும் குட்டை. இப்படியே போனால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. 'தள்ளாதீங்க' என்று கத்துவதற்கும் அந்த மூச்சுதான் செலவாகிறது.

வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கோலம் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு மூன்று பேர் நின்றால் தொல்லை இல்லை. ஐந்து பேர் என்றால் தோள் இடிக்கும், கவலைப்பட வேண்டிய கட்டம். ஏழு பேரைத் தாண்டினால் நம் கால் நம் பேச்சைக் கேட்காது. கூட்டம் குளத்துத் தண்ணீர் மாதிரி அலையடிக்கத் தொடங்கும். ஸ்பெயினில் பாம்ப்லோனா திருவிழாக் கூட்டத்தைப் படம்பிடித்து ஆராய்ந்த இயற்பியலாளர்கள் 2025இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: நெருக்கம் ஓர் அளவைக் கடந்ததும், யாரும் வேண்டுமென்று தள்ளாமலேயே நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து, சுமார் 18 விநாடிக்கு ஒருமுறை ஊசலாடினார்கள். பல வரிசைகளின் தள்ளல் ஒன்றுசேர்ந்தால் இரும்புத் தடுப்பே வளைந்துபோகும்.

இடமும் முக்கியம். செட்டிநாட்டு வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே நீளமான சுவர்தான். திருவிழா நாளில் அப்படி ஒரு தெருவில் மாட்டினால் பக்கவாட்டில் ஒதுங்க வழி கிடையாது. முன்னால் அடைத்துக்கொண்டது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அவர் சாமி பார்க்கும் ஆசையில் ஓர் அடி முன்னே வைப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் போகும் நகரத்தார் காவடியோடு எவ்வளவோ பேர் நடக்கிறார்கள். ஒரே திசை, சாலை நெடுகப் பரவிய கூட்டம், அதனால் நெருக்கம் குறைவு. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் காத்து நிற்கும் கூட்டம்தான் பயம். நெரிசலில் பலர் இறந்த 1992 கும்பகோணம் மகாமகத்தில் கூடியது பக்தி, 2025 செப்டம்பரில் 41 பேர் இறந்த கரூர்க் கூட்டத்தில் கூடியது அரசியல். விலா எலும்புக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கப்புறம் யார் குற்றம் என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. சரி, அதை விசாரணை பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் 'எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள்' என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. எத்தனை சதுர மீட்டர், எத்தனை வெளிவழி என்று கேட்பவர்கள் குறைவு.

மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வையுங்கள். மூச்சுக்கு அந்த இடைவெளி உதவும். அலையை எதிர்க்காதீர்கள். அது தணியும் நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள், ஆனால் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். செருப்பு கழன்றால் போகட்டும், குனியாதீர்கள்.