காலைக் குளிரில் கார் ஏன் முரண்டு பிடிக்கிறது?

குளிர் காலையில் கார் கிளம்ப மறுத்தால் பானெட்டைத் திறப்பதற்கு முன் காதைக் கொடுங்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ‘உர்ர்… உர்ர்…’ என்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, இல்லை வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ளாமல் இருக்கிறதா? முதலாவது, சுற்றுவதற்கு வலு போதாத கோளாறு. இரண்டாவது, உள்ளே எரிய வேண்டியது எரியாத கோளாறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் நேராகப் பேட்டரியை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். பல நேரம் வண்டியும் கிளம்பிவிடுகிறது, அதனால் அந்தப் பழக்கமும் போவதில்லை.

பேட்டரிக்குள் ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலக் கரைசலுக்கும் இடையே நடக்கும் வேதிவினைதான் மின்சாரம் தருகிறது. குளிர்ந்தால் இந்த வினை மந்தமாகும். கரைசலும் தடித்துப்போய், அயனிகள் தகட்டின் நுண்துளைகளுக்குள் போய்ச்சேரத் தாமதமாகும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நல்ல பேட்டரிகூடத் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்திருக்கும். பேட்டரி மேல் சி.சி.ஏ. என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்களே, அது இந்தக் குளிருக்கான கணக்குதான்: மைனஸ் 18 டிகிரியில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பது.

கொடுக்கிறவன் கை சுருங்கும் நேரம் பார்த்துக் கேட்கிறவன் கை நீள்கிறது என்பதுதான் சங்கடம். குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, சுற்றவே விடாது. (ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்தான் குளிருக்கானது, அது சிறியதாக இருந்தால் குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும்.) இதில் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் குணமும் சேர்ந்துகொள்கிறது. சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே பாயும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். சுழற்சி மெதுவானால் அந்தத் தடுப்பும் குறைந்து இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். பேட்டரி இன்னும் தளரும். கோடை முழுக்க ஒன்றுமே தெரியாமல் ஓடிய பேட்டரி ஒரே ராத்திரியில் படுத்துவிடுவது இப்படித்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு ஒருவரைச் சாவி போடச் சொல்லி மீட்டரையே கவனியுங்கள். 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது சார்ஜ் இல்லை. விழாமல் 11க்கு மேலேயே நின்று, இன்ஜின் மட்டும் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை, மின்சாரம் வழியிலேயே தொலைகிறது.

தொலையும் இடம் பெரும்பாலும் பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினல்தான். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும் இடத்தில் மின்தடை 0.01 ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செல்ஃப் இழுக்கும் 200 ஆம்பியர் அதன் வழியே போகும்போதோ 2 வோல்ட் காணாமல் போகும். 400 வாட் வெப்பமாக மாறும். நாலைந்து விநாடி சுற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் டெர்மினல் சுடும். எர்த் ஒயர் இன்ஜினோடு சேரும் முனையையும் மறக்காமல் பாருங்கள், அங்கேதான் யாரும் பார்ப்பதில்லை. சுத்தம் செய்யும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். அப்போது ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

‘டக் டக் டக்’ என்று வேகமாக அடித்தால் அதுவும் பெரும்பாலும் வலுக்குறைவே. செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டு இழுக்கிறது, பெரிய மின்னோட்டம் பாய்கிறது, வோல்ட் சரிகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது. வோல்ட் மீண்டதும் மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, விளக்குகளும் மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவிதான் எரியும். குளிரில் ஆவியாவது குறைவு என்பதால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். முன்பு இந்த வேலையைச் செய்தது சோக். இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்வது கூலன்ட் வெப்பநிலை சென்சார். குளிர்ந்தால் அதன் மின்தடை ஏறும்: பல கார்களில் 80 டிகிரியில் சுமார் 300 ஓம், 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோஓம். அது கெட்டுப்போய் ‘சூடாக இருக்கிறேன்’ என்று பொய் சொன்னால் பெட்ரோல் போதாது. மதியம் உடனே கிளம்பும் கார், காலையில் மட்டும் அடம்பிடிக்கும். இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஈ.சி.யூ. தரும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திப் பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். குளிரில் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவர் உறிஞ்சிவிடும் என்பதால்தான் உள்ளே சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக். அதில் ஒன்று போனாலும் வண்டி ஆட்டத்தோடும் வெள்ளைப் புகையோடும் கிளம்பும். கடும் குளிரில் டீசலில் உள்ள மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைப்பதும் உண்டு.

சார்ஜ் இறங்கிய பேட்டரி கடும் குளிரில் உறைந்தே போகும். பக்கவாட்டில் உப்பியிருந்தால் வேறு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஜம்ப் ஸ்டார்ட் செய்யவே கூடாது, வெடிக்கலாம். வண்டி எப்படியோ கிளம்பிவிட்டால், இன்ஜின் ஓடும்போதே ஒருமுறை பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். அதுவும் சரி, பேட்டரியும் புதிது, ஆனாலும் மறுநாள் காலை டவுன் என்றால், வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளக்க வேண்டும். 50 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்தச் சர்க்யூட்டில்தான் கசிவு.