நுரையீரலில் பல முடிச்சுகளா? பழைய ஸ்கேனைத் தேடி எடுங்கள்

ஏதோ ஒன்றுக்காக எடுத்த சிடி ஸ்கேனில் 'இரண்டு நுரையீரலிலும் பல நோட்யூல்கள்' (முடிச்சுகள்) என்று ஒரு வரி வந்துவிட்டால் வீடே ஆடிப்போய்விடும். ஆனால் நோட்யூல் என்பது நோயின் பெயரே இல்லை. காற்று நிறைந்த நுரையீரல் ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும். அதில் 3 செ.மீ. வரை உருண்டையாகத் தெரியும் வெள்ளைப் புள்ளி எதுவானாலும் நோட்யூல்தான்.

நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் இதைப் பேசவே முடியாது. கிருமியை முழுதாகக் கொல்ல முடியாதபோது எதிர்ப்பு செல்கள் அதைச் சுற்றி வளைத்து ஓர் உருண்டைக்குள் பூட்டிவிடுகின்றன, வருடங்கள் போகப்போக அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுகிறது. அப்படி முழுக்க இறுகியது பெரும்பாலும் ஆறிய தழும்பு, மருந்து தேவையில்லை. அதே கிருமி ரத்தத்தில் பரவினால் நுரையீரல் முழுக்கத் தினையைத் தூவியது போல 1 முதல் 3 மி.மீ. புள்ளிகள் வரும். அதற்கு உடனே சிகிச்சை வேண்டும்.

புற்றுநோய்? உடம்பைச் சுற்றிய ரத்தம் இதயம் வழியாக நுரையீரலின் மெல்லிய குழாய்களுக்குள்தான் போகிறது. குடலிலோ சிறுநீரகத்திலோ தொடங்கிய புற்று செல்கள் அங்கே சல்லடையில் சிக்குவது போல மாட்டிக்கொண்டு வளரலாம்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனில் காசநோயும் ஒளிரும், புற்றும் ஒளிரும். அதனால்தான் பழைய ஸ்கேன் இருந்தால் தங்கம் மாதிரி. 6 மி.மீ. முடிச்சு 7.5 மி.மீ. ஆக வளர்ந்தால் பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் கன அளவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சில நாளில் இப்படிப் பெருத்தால் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம், சில மாதங்களில் என்றால் புற்றைச் சந்தேகிக்க வேண்டும், கெட்டியான முடிச்சு இரண்டு வருடம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. எல்லாமே 6 மி.மீ.க்குக் கீழே, புகைப்பழக்கமோ புற்றுநோயோ இருந்ததில்லை என்றால் பொதுவாக மறு ஸ்கேன்கூட வேண்டாம். பெரிதாக இருந்தால் 3 முதல் 6 மாதத்தில் மறுபடி எடுப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் ஊசி வழியாகத் துளி சதை எடுத்துப் பயாப்சி.

காசநோய்க்கு வழக்கமாக 6 மாத மாத்திரை, நடுவில் நிறுத்தக்கூடாது. இதேபோல முடிச்சுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் பலருக்குத் தானாகவே அடங்கும், அடங்காதவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் பூட்டிக் கிடந்த கிருமி கிளம்பிவிடலாம், இதை டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அப்புறம், பரவிய புற்று என்றாலே கதை முடிந்தது என்றும் இல்லை: குடல் புற்றிலிருந்து வந்த ஓரிரு முடிச்சுகளைச் சிலருக்கு அறுவை செய்தே எடுக்கிறார்கள், ஆண்களின் விந்தகப் புற்று நுரையீரல்வரை வந்த பிறகும் கீமோவில் பலர் முழுதாகக் குணமாகிறார்கள்.