பில் புரோகிராமை மூடுவது யார்?

"தீபாவளிக் கூட்டம் நெரியும் சாயங்காலத்தில்தான் பில் போடும் புரோகிராம் பட்டென்று மூடிக்கொள்கிறது, சாதாரண நாளில் ஒன்றும் ஆவதில்லை, கண்ணேறாக இருக்குமோ?" என்று பினாங்கு லெபோ பசாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். கணினியில் 4 ஜிபி மெமரி, லினக்ஸ் என்ற இயங்குதளம், பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம்.

புரோகிராம்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் மெமரி கேட்டு வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், தர மறந்துகொண்டே இருந்தால் அதுதான் மெமரி லீக், அதாவது ஒழுகல். இது பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத இடம் அடுத்தது: லினக்ஸ் கேட்டவுடன் மெமரியைத் தருவதில்லை, முகவரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு "சரி" என்கிறது. கல்யாணத்துக்கு எட்டுப் பேர் வருகிறோம் என்ற வீட்டிலிருந்து மூன்று பேர்தான் வருவார்கள் என்று பந்தி பரிமாறுகிறவருக்குத் தெரியும், அதனால் ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இலை போடுவார். இங்கேயும் அப்படித்தான். புரோகிராம் அந்த முகவரியில் முதன்முதலாக எழுதப் போகும்போது அங்கே ஒன்றுமில்லை என்று பிராசசர் கண்டு, அப்படியே நிறுத்திக் கெர்னலைக் கூப்பிடும். இதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். கெர்னல் பொதுவாக 4096 பைட் கொண்ட ஒரு துண்டை எடுத்து, வேறொருவரின் பழைய தகவல் அதில் கிடக்கலாம் என்பதால் முழுக்கப் பூஜ்யமாக்கி, அந்த முகவரியில் பொருத்தி, நின்ற அதே கட்டளையிலிருந்து மறுபடி ஓடவிடும். நடுவில் நின்றதே புரோகிராமுக்குத் தெரியாது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் ஒருநாள் சொன்ன எட்டுப் பேரும் எல்லா வீட்டிலிருந்தும் வந்துவிட்டால்? கெர்னல் முதலில் டிஸ்கிலிருந்து படித்து வைத்திருந்ததைக் காலிசெய்யும், மெமரியில் இருப்பதை டிஸ்கில் ஒதுக்கிய ஸ்வாப் என்ற இடத்துக்குத் தள்ளும், கணினி ஊர்ந்து நகரும். அதுவும் போதாதபோது ஓஓஎம் கில்லர் வரும், மெமரி தீர்ந்துபோனால் ஏதாவதொரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும் கெர்னலின் பகுதி அது. அது ஒவ்வொரு புரோகிராமும் பிடித்திருக்கும் மெமரியைக் கணக்கிட்டு, நாம் வைத்த −1000 முதல் 1000 வரையிலான திருத்தத்தையும் சேர்த்து, அதிக மதிப்பெண் வாங்கியதைக் கொல்லும். யார் ஒழுகவிட்டார் என்று அது விசாரிப்பதில்லை.

அண்ணன் கடையில் நடந்தது அதுதான். கெர்னல் பதிவில் பில் புரோகிராம் கொல்லப்பட்ட வரி, 1.4 ஜிபி என்ற கணக்கோடு, அப்படியே இருந்தது. ஒழுகியது ரசீது பிரிண்டருக்கான குட்டிப் புரோகிராம், பில்லுக்கு ஏறக்குறைய 2 எம்பி. நாளுக்கு இருநூறு பில் என்றால் தாக்குப்பிடித்துக் கடை மூடிவிடும், தீபாவளி வாரத்தில் ஐந்நூறு தாண்டும்போது இடமில்லாமல் போகும். கணினியை அணைத்துப் போட்டால் எல்லாப் புரோகிராமும் முடிந்து ஒழுகியதெல்லாம் கெர்னலிடமே திரும்பிவிடும், அன்றைக்கு மறுபடி தொல்லை இல்லை. சரிசெய்த நல்ல பெயரை எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டது. பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் காரணம் இத்தனை தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருக்கும்போது யாரும் அதைத் திறந்து பார்க்காமல் இரண்டு வருடம் பயந்திருக்கிறார்களே என்பது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

பிரிண்டர் புரோகிராமுக்கு 300 எம்பிதான் உச்சவரம்பு என்று வைத்து, தாண்டினால் அது மட்டும் செத்துத் தானே மறுபடி எழும்படி செய்துவிட்டு வந்தேன். போன சனிக்கிழமை அது மூன்று முறை செத்து எழுந்திருக்கிறது, பில் ஒன்றும் தடைபடவில்லை.