பழைய மோட்டார்சைக்கிளின் கேஸ்கெட்: எதை மீண்டும் போடலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும்?

வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்து, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து தட்டும் ஓசையோடு ஒரு 100 சிசி வண்டி சில காலம் முன்பு என் பட்டறைக்கு வந்தது. ஆயில் அளவு சரியாகவே இருந்தது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. கிளட்ச் கவரைக் கழற்றி ஆயில் வலையை எடுத்துப் பார்த்தபோது, அதன் பாதியை நூல்நூலான சிலிக்கான் பசை அடைத்திருந்தது. முன்னர் எஞ்சினைப் பிரித்த யாரோ பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டு, கசியாமல் இருக்கட்டும் என்று இருபுறமும் பசையை அப்பியிருக்கிறார்கள். இறுக்கும்போது பசை வெளியே பிதுங்கிய அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது ஒருநாள் அறுந்து ஆயிலில் விழும். கசிவை நிறுத்திய பசை, கேம்ஷாஃப்டுக்குப் போகவேண்டிய ஆயிலையும் நிறுத்திவிட்டது.

பட்டறையில் 'பேக்கிங்' என்று பொதுவாகச் சொல்லப்படும் கேஸ்கெட்டின் வேலை, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உள்ள இரண்டு உலோக முகங்களுக்கு இடையே நசுங்கி, அந்தப் பள்ளங்களை நிரப்புவதே. ஆகவே, பழைய கேஸ்கெட்டைப் பார்த்து 'கிழியாமல்தானே இருக்கிறது?' என்று கேட்பது போதாது. இன்னொரு முறை நசுங்க அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, அது எதைத் தடுத்து நிறுத்துகிறது என்ற இரண்டையும் கேட்கவேண்டும்.

இந்த அளவுகோலில் ஹெட் கேஸ்கெட்டுக்குச் சலுகையே கிடையாது. எரியும் வாயுவின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒருசேரத் தாங்கும் அது, நார்ப்பொருளும் உலோகத் தகடும் சேர்ந்த வகையாக இருந்தால், முதல் இறுக்கத்திலேயே தன் நசுங்கும் தன்மையைச் செலவழித்துவிடுகிறது. சைலென்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் உள்ள வளையமும் அப்படித்தான். விதிவிலக்கு, சில பழைய எஞ்சின்களில் வரும் முழுச் செம்புத் தகடு. நசுங்கி இறுகிப்போன செம்பை, மங்கலான வெளிச்சத்தில் மங்கிய சிவப்பு தெரியும்வரை சீராகச் சூடாக்கினால் அது மீண்டும் மென்மையாகிவிடும். எஃகைப் போலன்றி, தண்ணீரில் முக்கினாலும் செம்பு கடினமாவதில்லை. தானாக ஆறவிட்டாலும் பலன் ஒன்றே, முக்கினால் கருஞ்செதில் உதிர்ந்துவிடும் என்பது மட்டுமே கூடுதல் வசதி. தகட்டில் வெடிப்போ எரிந்த தடமோ இல்லையென்றால் இப்படி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் அலுமினிய வாஷரை இப்படிச் செய்ய முயலவேண்டாம். அது 660 டிகிரி செல்சியஸிலேயே உருகும், உருகுமுன் நிறம் மாறிக் காட்டவும் செய்யாது.

கவர்களில் வரும் காகித கேஸ்கெட் ஒட்டாமல் முழுசாகக் கழன்று வந்தால், அவசரத்துக்கு மீண்டும் போட்டு ஓட்டலாம், நானும் போட்டிருக்கிறேன். வால்வு இடைவெளியைச் சரிசெய்யத் திறக்கும் டேப்பெட் கவரின் ரப்பர் வளையம் மென்மையாக இருந்தால் பாதகமில்லை, தட்டையாகிவிட்டிருந்தால் மாற்றவேண்டும். காய்ந்து சுருங்கிய தக்கையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கையால் வெட்டிப் போடுபவர்கள் அதிகம் கவனிக்காதது கேஸ்கெட்டின் தடிமன். 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள, 97 சிசி கொள்ளளவும் 9:1 அழுத்த விகிதமும் (கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்ற அளவு) கொண்ட எஞ்சினில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 12.1 சிசி. சிலிண்டர் பிளாக்கின் அடியில் அரை மி.மீ. தடிமன் கூடினால் அந்த இடம் ஏறத்தாழ 1 சிசி பெருகி, விகிதம் 8.4-க்கு இறங்கிவிடும். வண்டி இழுவை குறைந்துவிட்டது என்று கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. மெல்லியதாகப் போட்டாலோ, வால்வோ ஹெட்டோ பிஸ்டனில் உரசும் அபாயம் இருக்கிறது. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் நடுவில் வரும் கேஸ்கெட், கியர் தண்டுகளின் பக்க அசைவையே தீர்மானிக்கக் கூடியது. தடிமன் சரியாக இருந்தும், ஆயில் ஏறும் துளையை வெட்ட மறந்தால் எல்லாம் வீண். துளைகளை வார்ப்பின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டும் பழக்கத்தையும் விடவேண்டும்; காகிதத்தோடு அலுமினிய விளிம்பும் நசுங்குகிறது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிளாக்கின் அடி கேஸ்கெட் ஆயில் கசிவை மட்டும் தடுப்பதன்று. அங்கே கிராங்க் கேஸுக்குள்ளேயே எரிபொருள் கலவை இழுக்கப்படுவதால், சிறு இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து கலவையில் பெட்ரோல் குறைகிறது. விளைவாகச் சூடு ஏறி, ஓட்டத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவருக்கும் ஆபத்து.

புதியதைப் போடுவதைவிடப் பழையதைச் சுரண்டுவதிலேயே பெரிய தவறுகள் நடக்கின்றன. பழைய எஞ்சின்களின் கேஸ்கெட்டுகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்து அதை உறுதிசெய்ய இயலாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் சென்றால் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. ஆகையால் வயது தெரியாத கேஸ்கெட் எதையும் கல்நார் கலந்ததாகவே கருதி, உப்புத்தாளால் தேய்க்காமல், டிரில்லில் ஒயர் பிரஷ் மாட்டாமல், காற்றுக் குழாயால் ஊதாமல், நன்றாக நனைத்து ஊறவைத்து, ஈரம் காயாமல் சுரண்டவேண்டும். கழிவை ஈரத்தோடு பையில் கட்டி, உங்கள் பகுதியின் அபாயக் கழிவு விதிப்படி அகற்றவேண்டும். சாதாரணத் துணி முகமூடி இந்த இழைகளைத் தடுக்காது. சுரண்டவும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கடினமான பிளாஸ்டிக் தகடே போதும். எஃகு முனை கிழித்த கீறல் வழியே, எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் ஆயில் வரும்.

சுத்தம் செய்த முகத்தின்மீது நேர்விளிம்பை வைத்து இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் சோதித்துப் பாருங்கள். ஹெட்டுக்குப் பல கையேடுகள் அனுமதிக்கும் வளைவு 0.05 மி.மீ. அளவுக்கே, அதைத் தாண்டிய முகத்தைப் புதிய கேஸ்கெட் சரிசெய்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பசை குறிப்பிடப்பட்ட இடத்தில் மட்டும், மெல்லிய பூச்சாகப் போதும். சாதாரண சிலிக்கான் பெட்ரோல் படும் இடத்தில் ஊறிப் பிரிந்துவிடும்.

போல்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று கட்டங்களாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கவேண்டும். அலுமினியத்தில் ஏறும் 6 மி.மீ. போல்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே பெரும்பாலும் போதும். கையின் உணர்வை நம்பி இன்னொரு கால்சுற்று கொடுப்பவர்கள்தான் மரையை உருவிவிட்டு வருகிறார்கள். பழைய வகை ஹெட் கேஸ்கெட் முதல் ஓட்டத்தின் சூட்டில் இன்னும் சற்று அமிழும் என்பதால், கையேடு சொல்லியிருந்தால், எஞ்சின் முழுவதும் ஆறிய பின் மறுபடி இறுக்கவேண்டும். வால்வுகளை அடியிலிருந்து நீண்ட கம்பிகள் தள்ளித் திறக்கும் புஷ்ராட் எஞ்சினாக இருந்தால், அப்படி ஹெட் இறங்கும்போது டேப்பெட் இடைவெளியும் குறையும். ஆகவே டேப்பெட்டை அதற்குப் பிறகே சரிபார்க்கவேண்டும், முன்னதாகப் பார்த்திருந்தாலும் இன்னொரு முறை.