தண்ணிதானே வரும்?

எரிவாயுவோடு ஹைட்ரஜனைக் கலந்து உலையை எரித்து மாட்டிக்கொண்டதில், இந்த வருடத்தில் இது நாலாவது பட்டறை. நேரில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

போன வாரம் பார்த்த ஃபோர்ஜிங் (இரும்பைக் காய்ச்சி அடிக்கும்) பட்டறையில் உலையின் பர்னர் முனை செக்கச்செவேலென்று பழுத்திருந்தது. உள்ளே டப், டப் என்று வெடிச்சத்தம். பக்கத்துக் காஸ்டிக் சோடா ஆலையில் மிஞ்சும் ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவோடு பாதிக்குப் பாதி கலந்திருக்கிறார்கள். அதே மாதம் ரெக்யூப்பரேட்டரும் (வெளியேறும் புகையின் சூட்டால் காற்றைச் சூடாக்கும் கருவி) வைத்து, எரிகாற்றை 400 டிகிரிக்கு ஏற்றியாயிற்று. பர்னர் மட்டும் பழைய பிரீமிக்ஸ் பர்னர், அதாவது எரிவாயுவும் காற்றும் முன்பே கலந்து வருவது. சுடர் பர்னருக்குள்ளேயே பின்னால் ஓடி வராமல் என்ன செய்யும்?

புகைபோக்கியில் அனலைசரை விட்டேன். கார்பன் மோனாக்சைடு அநேகமாக இல்லை. நாக்ஸ் (காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள்), பழைய அளவைப் போல மூன்று மடங்கு. முதலாளி சிரித்தார். “உங்க மெஷின்தான் தப்பு சார். ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணிதானே வரும்?”

இந்தத் ‘தண்ணிதானே’வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஹைட்ரஜனில் கரி இல்லை, சரி. அதை எதில் எரிக்கிறீர்கள்? காற்றில். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். எரிபொருளில் நைட்ரஜன் துளியும் இல்லாவிட்டாலும், சுடரின் சூடு 1500 டிகிரியைத் தாண்டினால் காற்றிலிருக்கும் நைட்ரஜனே நாக்ஸாக மாறிக் கிடுகிடுவென ஏறும். சாதாரணக் காற்றில் மீத்தேன் சுடர் 1950 டிகிரி வரை போகும், ஹைட்ரஜன் 2100 வரை. அதற்கு மேல் சுடுகாற்றையும் ஊட்டினால்? புகை கண்ணில் படவில்லை என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

இன்னொரு கணக்கும் தப்பு. கன அளவில் 20 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தால் கரியமில வாயு 20 சதவீதம் குறையாது, 7தான் குறையும். கன அளவில் ஹைட்ரஜனின் வெப்பம் மீத்தேனில் மூன்றில் ஒரு பங்கே. சூரத் அருகே கவாஸில், என்டிபிசி (மத்திய அரசின் மின் நிறுவனம்) குடியிருப்பில் 2023ல் அடுப்பு எரிவாயுவில் கலக்க ஆரம்பித்தபோது 5 சதவீதத்துக்குத்தான் அனுமதி. நீங்கள் எடுத்த எடுப்பில் பாதி!

காற்றைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எரிபொருள் மிச்சமாகும், நானே எத்தனையோ இடத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எரிபொருள், காற்று இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். பர்னரை முதலில் மாற்றுங்கள். சுடுகாற்று வந்தபின் டேம்பரை (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு) மறுபடி ட்யூன் செய்யுங்கள். ஹைட்ரஜன் ஏற ஏற ஃபிளேம் ராடை (சுடர் எரிகிறதா என்று காட்டும் கம்பி) நம்ப முடியாது, சுடரின் புற ஊதாக் கதிரைப் பார்க்கும் யூவி சென்சார் போடுங்கள். நாக்ஸைப் பார்க்கும்போது ஆக்சிஜன் அளவையும் சேர்த்துப் பாருங்கள். (டேம்பரைத் திறந்து கூடுதல் காற்றைக் கலந்துவிட்டு பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கை, குறைத்துக் காட்டும் வித்தை எங்களுக்கும் தெரியும்.)

முனை பழுத்தால் வீடியோ எடுத்து, ‘இது நார்மலா சார்?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், தயவுசெய்து. வால்வை மூடிவிட்டுக் கேளுங்கள்.