டிஸ்டோபியா – கொடுவுலகு: ஒரு சொல் விளக்கம்

கெட்ட ஒழுங்கொன்றுக்கு உட்பட்டு, அந்த ஒழுங்கு குலையாமலே இயங்கிவரும் கற்பனைச் சமுதாயத்தை டிஸ்டோபியா என்கிறோம். சிதைந்து கிடக்கும் இடமெல்லாம் டிஸ்டோபியா ஆகிவிடாது. உதகையை அடுத்த இந்துநகரில் மூடப்பட்ட பொதுத்துறை ஃபிலிம் தொழிற்சாலையைக் காண்பவருக்கு இச்சொல் நாவில் வரலாம். ஆனால் அங்கே இருப்பது ஒரு தொழில் முடிந்துபோன துயரம். டிஸ்டோபியாவில் ஆலை ஓடும், சங்கு நேரத்துக்கு ஊதும், எல்லாரும் வேலைக்குப் போவார்கள்.

கிரேக்கத்தில் 'டோபோஸ்' என்றால் இடம். 'டிஸ்' என்னும் முன்னொட்டு கெடுதலையும் கோளாற்றையும் உணர்த்தும். ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் 1516-இல் 'யுடோபியா' என்ற சொல்லை 'இல்லாத இடம்' என்றும் 'நல்ல இடம்' என்றும் இருபொருள்பட ஆக்கினார். அதன் எதிர்ச்சொல்லை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். அயர்லாந்து குறித்து 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தில், எதிரணியினரை யுடோபியர் என்பது அவர்களைப் புகழ்வதாகிவிடும் என்றும், நடைமுறைக்கு வர முடியாத அளவுக்குக் கெட்டதை நாடும் அவர்களை டிஸ்டோபியர் என்றே அழைக்க வேண்டும் என்றும் அவர் பேசினார்.

மில் 'நடைமுறைக்கு வர முடியாதது' என்று கருதியதை இருபதாம் நூற்றாண்டு நடத்தியே காட்டியது. சொல்லின் பொருள் திரும்பிய இடம் அதுதான். ரஷ்யப் புரட்சியின் சூடு ஆறுவதற்குள், 1920–21-இல், கப்பல் கட்டும் பொறியாளராகவும் இருந்த ரஷ்ய எழுத்தாளர் எவ்கேனி சமியாதின், தம் நாவலில் மனிதர்கள் பெயரிழந்து எண்களாக வாழும் அரசைப் புனைந்தார். அந்நூல் அவருடைய நாட்டில் 1988-இல்தான் அச்சேறியது. ஃபோர்டு கார் ஆலையின் தொடர்வரிசை உற்பத்தி உலகை வியக்கவைத்த காலத்தில், 1932-இல், ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி தம் நாவலில் குழந்தைகளையே அவ்வாறு உற்பத்தி செய்து, இன்பத்தால் அடக்கும் சமுதாயத்தைக் காட்டினார். இதை நான் மற்றவற்றைவிட அஞ்சத்தக்கதாக எண்ணுகிறேன். ஏனெனில் அங்கே சாட்டைக்கு வேலையே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949-இல், ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தம் நாவலில் கண்காணிப்பையும், சிந்தனையை ஒடுக்கச் சொற்களைக் குறைக்கும் மொழிச்சுருக்கத்தையும் முன்வைத்தார். 1985-இல் கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் பெண்ணின் கருப்பையை அரசுடைமையாக்கிய நாட்டை எழுதியபோது, வரலாற்றில் எங்கேனும் நடந்திராத எதையும் சேர்ப்பதில்லை என்று விதி வகுத்துக்கொண்டார். அதன் பிறகு இவ்வகைக் கதைகளில் அதிகாரம் அரசிடமிருந்து பெருநிறுவனங்களுக்கும், அச்சம் தட்பவெப்பத்துக்கும் நகர்ந்தன.

இவ்வகைப் புனைவு ஒவ்வொன்றும் தன் காலத்தில் நியாயமாகத் தோன்றிய ஓர் ஏற்பாட்டைப் பிடித்து, அதன் எல்லைவரை நீட்டுகிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. மலை தாங்கும் அளவை அறிய வந்த இந்த ஏற்பாடு தேவையானது என்பதே என் கருத்து. ஆயினும், குன்னூரில் பிறந்தவரே தம் ஊரில் தங்க நாள்தோறும் அனுமதி கேட்டு நிற்கும் ஒரு காலத்தை எழுத்தாளர் ஒருவர் இதிலிருந்து கற்பனை செய்யலாம். அந்தக் கற்பனை இலக்கியத்தின் உரிமை.

தமிழில் 'அழிவுலகு' என்பது பொருந்தாது. அழிவு இங்கே மையமன்று. 'துயருலகு' உணர்ச்சியைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. 'எதிர்க்கற்பனை' என்பதோ கற்பனையையே மறுப்பதாக ஒலிக்கிறது. நான் பரிந்துரைப்பது 'கொடுவுலகு'. 'கொடு' என்பதற்கு வளைந்த என்பது பழம்பொருள். வளைந்த கோடுகளை உடைய புலியைச் சங்கப் புலவர்கள் 'கொடுவரி' என்றனர். செங்கோலுக்கு எதிரான கொடுங்கோல், கோல் இல்லாத நிலையைக் குறிப்பதில்லை. கோல் இருக்கிறது, அது வளைந்திருக்கிறது. டிஸ்டோபியாவின் ஒழுங்கும் அத்தகையதே. திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரத்தில், செங்கோல் ஏந்த வேண்டியவன் பொருள் கேட்பதை, வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனின் 'இடு' என்ற சொல்லுக்கு வள்ளுவர் ஒப்பிட்டதும் இக்கருத்துக்கு அரண்.

இலக்கிய வகையைக் குறிக்கக் 'கொடுவுலகப் புனைவு' எனலாம். பேரழிவுக் கதையை இதனோடு சேர்க்க வேண்டியதில்லை. மலைப் புல்வெளிகளில் அயல்மரங்களான சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மண்டி, சோலைக்காட்டு ஊற்றுகள் வற்றியதை மட்டும் ஒரு கதை சொன்னால் அது பேரழிவுக் கதை. எஞ்சிய ஊற்றின் நீர் யாருக்கு, எத்தனை குடம், அதை எழுதும் பதிவேடு யார் கையில் என்று கேட்கத் தொடங்கினால் அது கொடுவுலகப் புனைவு.